பொங்கல் லீவும் மூணு கிலோவும்



பேரவை மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று கேட்டபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கவிதை எனக்கு வராது. காங்கிரீட்டைப் பற்றி எழுதலாம் என்றால் அதைப் பரீட்சைக்கே நம்மில் பாதிப்பேர் படிப்பதில்லை. அதனால் பொங்கல் லீவுக்குப் பிறகு எங்கள் ஹாஸ்டல் ரூமில் நடந்த ஒரு விஷயத்தையும், அதைப் புரிந்துகொள்ள நான் போட்டுப் பார்த்த கணக்கையும் எழுதுகிறேன். இதில் வருகிற என் ரூம்மேட்டிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதிக்கோ, பேரு மட்டும் போட்டுறாதே" என்று சொல்லிவிட்டாள்.

ஜனவரி 13-ம் தேதி, போகி அன்று காலை ஆறு மணிக்கு நாங்கள் இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டில் நின்றோம். அவள் ஊர் ஒரு பக்கம், என் ஊர் மன்னார்குடி பக்கம். பஸ் வர நேரமானதால் அங்கே இருந்த எடை மெஷினில் ஐந்து ரூபாய் போட்டு ஏறிப் பார்த்தோம். நான் 47.6 கிலோ. அவள் 53.1. 17-ம் தேதி ராத்திரி திரும்பி வந்து இறங்கியபோதும், விளையாட்டாக அதே மெஷினில் ஏறினோம். நான் 50.0. அவள் 56.2! அஞ்சே நாள்தான். அவளுக்கு மூணு கிலோ, எனக்கு ரெண்டரைக்குக் கொஞ்சம் குறைவு.

நான் சிரித்துவிட்டேன். காரணம், எங்கள் வீட்டில் எடை கூடுவது கெட்ட செய்தி இல்லை. குத்தகை நிலத்தில் உழைக்கிற வீடு. லீவுக்குப் போகும்போதெல்லாம் அம்மா வாசலிலேயே நிறுத்தி, "படிக்கப் போன புள்ள இப்புடி எளைச்சுப் போச்சே" என்பார்கள். திரும்பும்போது, "இப்பத்தான் மூஞ்சி தெளிஞ்சிருக்கு" என்பார்கள். நடுவில் அந்தத் தெளிவுக்காக சர்க்கரைப் பொங்கல், உளுந்து வடை, கரும்பு, மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் கறிக்குழம்பு என்று ஒன்று மாற்றி ஒன்று வரும். எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். வேண்டாம் என்று தட்டை நகர்த்த எனக்கு மனசு வராது.

என் ரூம்மேட் சிரிக்கவில்லை. மறுநாள் வகுப்புக்குள் நுழையும்போது ஒருவன், "பொங்கப் பானை வருதுடா" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். அவன் யார் என்று எழுதப் போவதில்லை. அவனும் இந்த மலரைப் படிப்பான்.

அன்றிலிருந்து அவள் மெஸ்ஸில் காலை டிபனை நிறுத்தினாள். மத்தியானம் ரெண்டு கரண்டி சோறு. ராத்திரி ஒரு டம்ளர் பால். "மூணு கிலோவையும் ஒரு வாரத்துல எறக்கிக் காட்டுறேன் பாருடி" என்றாள். நாலாம் நாள், 21-ம் தேதி, சர்வே பிராக்டிகல். பதினொரு மணி வெயிலில் லெவலிங் ஸ்டாஃபைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அப்படியே சரிந்தாள். ஸ்டாஃப் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். நல்லவேளை, பின்னால் புல் தரை. இரண்டடி தள்ளி ரோடு போடக் கொட்டி வைத்த ஜல்லி இருந்தது. அதை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனோம். சிஸ்டர் கேட்ட முதல் கேள்வியே, "காலைல என்னம்மா சாப்ட்ட?" என்பதுதான். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். 12 இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் 9.2 இருந்தது. இது அவள் ஒருத்தி கதை இல்லை. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. ஏற்கெனவே ரத்தம் இல்லாத உடம்பு. அதைப் போய் பட்டினி போட்டிருக்கிறாள்.

ஆனால் இதில் ஒரு சங்கடம் என்னவென்றால், மறுநாள் காலை அவள் அதே மெஷினில் ஏறிப் பார்த்தபோது 53.6 காட்டியது. "பாத்தியா, ரெண்டரைக் கிலோ எறங்கிருச்சு. மயக்கம் போட்டாலும் பரவாயில்ல, பட்டினி வேலை செய்யுது" என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மெஷின் பொய் சொல்லவில்லையே? ஒரு பேச்சுக்கு நானும் ஏறினேன். 48.3 காட்டியது! நான் மூணு வேளையும் மெஸ் சாப்பாட்டை ஒரு பிடி குறைக்காமல் சாப்பிட்டவள். வியாழக்கிழமைப் பூரியில் கூட ரெண்டு அதிகம். எனக்கும் 1.7 கிலோ இறங்கியிருக்கிறது. பட்டினியே கிடக்காத எனக்கு எப்படி இறங்கியது?

இந்தக் கேள்விக்குப் பதில் எனக்குக் கிடைத்த இடம் நம் சாயில் லேப். ஈர மண்ணை டப்பாவில் போட்டு எடை எடுக்கிறோம். அவனில் 105-லிருந்து 110 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் வைக்கிறோம். மறுபடி எடை எடுத்தால் குறைந்திருக்கும். மண்ணா குறைந்தது? இல்லை, தண்ணீர். இதை ரெக்கார்டு நோட்டில் எழுதி மார்க் வாங்கியவள்தான் நான். ஆனால் அது நம் உடம்புக்கும் பொருந்தும் என்று அதுவரை தோன்றவில்லை.

எங்கள் அப்பாவுக்கு இது லேப் இல்லாமலே தெரியும். தை மாசம் எங்கள் பக்கம் சம்பா அறுப்பு. நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் 17 சதவீதம் வரைதான் ஈரப்பதம் என்று கணக்கு. மழை வருஷத்தில் சில சமயம் தளர்த்துவார்கள். மெஷினில் போட்டுப் பார்த்துக் கூட இருந்தால், "காயவச்சு எடுத்துட்டு வா" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்பா மெஷினுக்கு முன்னாலேயே நெல்லைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்ப்பார். 'டக்'கென்று உடைந்தால் சரி, நசுங்கினால் ஈரம். 22 சதவீதம் ஈரம் உள்ள 40 கிலோ மூட்டையை எடுத்துக்கொள்வோம். அதில் காய்ந்த சரக்கு 31.2 கிலோ, மீதி தண்ணீர். ரோட்டில் கொட்டிக் காலால் தள்ளித் தள்ளிக் காயவைத்து 17 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் அந்த மூட்டை 37.6 கிலோதான் இருக்கும். 2.4 கிலோ போச்சு. நெல் ஒரு மணி குறையவில்லை. (இங்கே ஒரு சின்ன விஷயம்: நெல்லுக்கு மொத்த எடையால் வகுக்கிறார்கள், நாம் சாயில் லேபில் காய்ந்த மண்ணின் எடையால் வகுக்கிறோம். வைவாவில் குழப்பிக்கொள்ளாதீர்கள்.) பொங்கலுக்கு எனக்குக் கூடியதும் சரியாக 2.4 கிலோதான். கணக்குப் போட்டு முடித்ததும் எனக்கே சிரிப்பு வந்தது.

சரி, உடம்பில் தண்ணீர் எப்படித் தங்குகிறது? முதலாவது காரணம் சோறும் சர்க்கரையும். நாம் சாப்பிடுகிற மாவுச்சத்தில் ஒரு பகுதியைக் கல்லீரலும் தசையும் கிளைக்கோஜன் என்ற பெயரில் சேர்த்து வைக்கின்றன. இதை அடுக்களையில் இருக்கிற அரிசிப் பானை மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். கைக்கெட்டுகிற சரக்கு, தினமும் எடுப்பது, போடுவது. கொழுப்பு என்பது பத்தாயம். அங்கே போடவும் நாளாகும், எடுக்கவும் நாளாகும். அரிசிப் பானை நிறைந்தால் கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் சுமார் 400 கிராம் கிளைக்கோஜன் இருக்கும். ஆளுக்கு ஆள் கூடக் குறைய இருக்கும். விசேஷம் என்னவென்றால் ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் தன்னோடு சுமார் 3 கிராம் தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆக 200 கிராம் கூடுதலாகச் சேர்ந்தாலே தண்ணீரோடு சேர்த்து 800 கிராம். பொங்கல் ஐந்து நாளும் நாம் சாப்பிட்டது பச்சரிசி, வெல்லம், கரும்பு. பானை நிறையாமல் என்ன செய்யும்?

இரண்டாவது உப்பு. நம் உடம்பு நீரில் லிட்டருக்குச் சுமார் 9 கிராம் உப்பு என்ற அளவு இருக்கிறது. ஆஸ்பத்திரியில் ஏற்றுகிற சலைன் பாட்டிலும் இதே கணக்குதான். உப்பு கூடினால் உடம்பு அந்த அளவு கெடாமல் பார்க்கத் தாகம் எடுக்க வைக்கும், தண்ணீரையும் பிடித்து வைக்கும். 9 கிராம் உப்பு அதிகமாகத் தங்கினால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர், அதாவது ஒரு கிலோ! பிறகு சில நாட்களில் சிறுநீரகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே அனுப்பிவிடும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கள் வீட்டில் கறிக்குழம்பு, அப்பளம், ஊறுகாய், முறுக்கு, ராத்திரிக்குக் கருவாடு. அந்த 5 கிராம் மத்தியானச் சாப்பாட்டிலேயே தீர்ந்திருக்கும்.

மூன்றாவது, சாப்பிட்ட சாப்பாடே. வயிற்றிலும் குடலிலும் இருக்கிற வரைக்கும் அதற்கும் எடை உண்டுதானே. 13-ம் தேதி நாங்கள் ஏறியது காலை, வெறும் வயிறு. 17-ம் தேதி ஏறியது ராத்திரி, நடுவில் பஸ் நின்ற இடத்தில் புரோட்டா சாப்பிட்டுவிட்டு, ஒரு பாட்டில் தண்ணீரும் குடித்துவிட்டு. பொங்கலுக்கு எடுத்த கனமான சுடிதார் வேறு. பையை ஒருத்தியிடம் ஒருத்தி கொடுத்துவிட்டு ஏறினோமே, அந்தப் புத்தி மற்றதில் இல்லை. ஒர்க் ஷாப்பில் வெர்னியரில் ஜீரோ எரர் பார்க்காமல் அளந்தால் இன்ஸ்ட்ரக்டர் என்ன சொல்வார்? நாங்கள் செய்தது அதுதான். தோழிகளுக்கு இன்னொன்று: மாதாமாதம் அந்த நாட்களுக்கு முன்னால் பலருக்கு உடம்பில் நீர் கோத்து எடை கொஞ்சம் கூடும், பிறகு தானே வடியும். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் தெரியாமல் பயப்படுகிறவர்கள் இருப்பதால் எழுதுகிறேன்.

அப்படியானால் கொழுப்பு எவ்வளவு? இதுதான் என் ரூம்மேட்டை உட்கார வைத்து நான் போட்டுக் காட்டிய கணக்கு. ஒரு கிலோ உடம்புக் கொழுப்பு என்றால் சுமார் 7700 கலோரி. (நாம் பேச்சில் கலோரி என்பது பிசிக்ஸ் புத்தகத்துக் கிலோ கலோரி.) மூணு கிலோவுக்கு 23,100 கலோரி. இது வழக்கமான தேவைக்கு மேல் சாப்பிட்டிருக்க வேண்டியது. ஐந்து நாளில் வகுத்தால் தினமும் 4620 கலோரி அதிகப்படி. சுத்தமான எண்ணெய் கிராமுக்கு 9 கலோரி. ஆக, மூணு வேளைச் சாப்பாடு போக, தினமும் அரை லிட்டருக்கு மேல் எண்ணெயை டம்ளரில் ஊற்றிக் குடித்திருக்க வேண்டும், ஐந்து நாளும்!

"நீ குடிச்சியாடி?" என்று கேட்டேன்.

"ச்சீ, வடைதான் தின்னேன்" என்றாள்.

அப்புறம் பட்டினிக் கணக்கு. அவளுக்குத் தினமும் சுமார் 2000 கலோரி தேவை, 900 சாப்பிட்டாள் என்று வைத்துக்கொண்டால் 1100 பற்றாக்குறை. நாலு நாளில் 4400. அது முழுக்கக் கொழுப்பிலிருந்து கரைந்ததாகவே வைத்தாலும் 570 கிராம்தான் வரும். உண்மையில் தசையிலிருந்தும் கொஞ்சம் போகும். 2.6 கிலோ இறங்கியதில் மீதி ரெண்டு கிலோ? அரிசிப் பானை காலியாகி அதோடு இருந்த தண்ணீர், வடிந்த உப்புத் தண்ணீர், காலியான குடல். அதெல்லாம் எனக்குச் சோறு சாப்பிட்டுக்கொண்டே இறங்கியதுதான். ரெண்டு நாள் ஒழுங்காகச் சாப்பிட்டதும் அவளுக்கு 800 கிராம் திரும்ப ஏறியது. மறுபடி முகம் வாடிப்போனது. "பானையில அரிசி போட்டிருக்கே, அவ்வளவுதான்" என்றேன். பேதி மாத்திரை போடலாமா என்று கூடக் கேட்டாள். அதில் போவதும் தண்ணீரும் உப்புச்சத்தும்தான், கொழுப்பில் ஒரு கிராம் போகாது, மயக்கம்தான் சீக்கிரம் வரும் என்று சிஸ்டர் சொல்லித் திட்டினார்.

இதையெல்லாம் படித்துவிட்டு, "அப்போ பண்டிகைக்கு எவ்வளவு தின்னாலும் தண்ணிதானா?" என்று கேட்காதீர்கள். அதுவும் இல்லை. 27-ம் தேதி காலை, வெறும் வயிற்றில், முதலில் போட்டிருந்த அதே பழைய உடையில் நாங்கள் மறுபடி ஏறினோம். நான் 48.0, அவள் 53.7. அதாவது எனக்கு 400 கிராம், அவளுக்கு 600 கிராம் மிச்சம். இதில் பெரும்பகுதி நிஜமானது என்றுதான் நினைக்கிறேன். 400 கிராம் என்றால் சுமார் 3000 கலோரி, நாளைக்கு 600. சாயந்திரம் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டே தின்ற முறுக்குக்கும் வடைக்கும் இது நியாயமான கணக்கு.

அமெரிக்காவில் இதையே ஆராய்ச்சியாகச் செய்திருக்கிறார்கள். அவர்களுக்கு நவம்பர் கடைசியிலிருந்து புத்தாண்டு வரை பண்டிகைக் காலம். 195 பேரை எடை பார்த்து 2000-ம் ஆண்டில் ஒரு மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். அந்தக் காலத்தில் சராசரியாகக் கூடியது 0.37 கிலோ. சுமார் 2.3 கிலோவுக்கு மேல் கூடியவர்கள் பத்தில் ஒருவர் கூட இல்லை. ஆனால் கவனிக்க வேண்டிய இடம் வேறு: அந்தச் சின்னக் கூடுதல் பிறகு வந்த மாதங்களில் சராசரியாகப் பெரிதாகக் குறையவில்லை. நமக்குப் பொங்கல், தீபாவளி, ஊர்த் திருவிழா என்று வருஷத்துக்கு மூன்று வைத்தால், 400 கிராம் வீதம் பத்து வருஷத்தில் 12 கிலோ. ஆக, பயப்பட வேண்டாத மூணு கிலோவுக்குப் பயந்து மயங்கி விழுகிறோம், கவனிக்க வேண்டிய 400 கிராமை மெஷின் காட்டும்போது "அப்பாடா" என்று மறந்துவிடுகிறோம். இன்னும் சிலர் மூணு கிலோவைப் பார்த்ததும், "ஏறுனது ஏறிருச்சு, இனிமே என்ன" என்று கேன்டீன் பப்ஸில் இறங்கிவிடுவார்கள். அந்த வகையும் எங்கள் ஹாஸ்டலில் உண்டு.

அந்த 400 கிராமுக்குப் பட்டினி தேவையில்லை. நான் செய்தது இதுதான்: பஸ்ஸுக்குக் காத்திராமல் சாயந்திரம் ஹாஸ்டலுக்கு நடந்தேன், டீக்கு ரெண்டு ஸ்பூன் சர்க்கரையை ஒன்றாக்கினேன், ஊரிலிருந்து வந்த முறுக்கு டின்னைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்து எல்லா ரூமுக்கும் பங்கு போட்டுவிட்டேன். கடைசி வேலை எடைக்கு நல்லதோ இல்லையோ, ஹாஸ்டலில் எனக்கு நல்ல பெயர் வந்தது! ரூம்மேட் இப்போது காலையில் டிபன் சாப்பிடுகிறாள், சிஸ்டர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையும் போடுகிறாள். அவள் உயரம் 1.57 மீட்டர். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் பொங்கலுக்கு முன் 21.5, பொங்கல் முடிந்த அன்று ராத்திரி 22.8. ஆசிய மக்களுக்கு 23-லிருந்துதான் கவனம் தேவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-ல் சொன்னது. அதாவது "பொங்கப் பானை" என்று பட்டம் வாங்கிய அன்றைக்கும் அவள் சரியான எடையில்தான் இருந்தாள்! இதை அந்த அண்ணன் ஒரு தடவை கால்குலேட்டரில் போட்டுப் பார்க்கட்டும்.

பண்டிகை ஒன்றும் இல்லாமல் மாதக்கணக்கில் எடை ஏறிக்கொண்டே போனாலோ, காலில் அழுத்தினால் குழி விழுகிற மாதிரி வீக்கம் இருந்தாலோ அது வேறு விஷயம். அதற்கு என் கணக்கு உதவாது, டாக்டரிடம்தான் போக வேண்டும்.

லீவு முடிந்து ஒரு வாரம் கழித்து அப்பா போனில் பேசினார். ரூம்மேட் விழுந்ததையும் நான் போட்ட நெல்லுக் கணக்கையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஈர நெல்லப் பாத்து மூட்டை கூடிருச்சுன்னு சந்தோசப்படுறவனும் இருக்கான். இந்தப் புள்ள அதப் பாத்து அழுதிருக்கு. ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்றார். பிறகு, "அந்தப் புள்ளையையும் ஊருக்குக் கூட்டிட்டு வா. நல்லா சாப்புடட்டும்" என்றார்.

மாசியில் எங்கள் ஊர்க் கோயில் திருவிழா. வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். போகிற அன்று காலை மெஷினில் ஒரு ரீடிங், திரும்பி வந்து பத்து நாள் கழித்து ஒரு ரீடிங். நடுவில் பஸ் ஸ்டாண்டு பக்கம் போனாலும் அந்த மெஷினைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்று ரெண்டு பேரும் பேசி வைத்திருக்கிறோம்.

(மூன்றாமாண்டு மாணவி, சிவில் பிரிவு)